மீன்விழிப் பார்வையும் விரியும் படவுருவும்

மீன் பாடும் தேனாடு எனப் புகழப்படும் மட்டக்களப்பின் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் முழுத் தோற்றத்தையும் ஒரே தாளில் வரைய முற்படுவோர் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்வர். வாவி முழுவதும் அடங்குமாறு சுருக்கின், 1628ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பிய புளியந்தீவு வெறும் புள்ளியாகிவிடும். தீவின் தெருக்கள் புலப்படுமாறு பெருக்கின், தெற்கே கல்முனைப் பக்கம் தாளுக்கு வெளியே சென்றுவிடும். தீவை மட்டும் ஒரு மூலையில் தனிக்கட்டத்துள் பெரிதாக வரைதல் நிலப்படம் வரைவோரின் வழக்கம். ஆயின், அங்குக் கட்டத்துக்கும் படத்துக்கும் இடையேயுள்ள தொடர்ச்சி அறுந்துவிடுகின்றது. முழுமையை இழவாது பகுதியை நுணுகிக் காண்பது எங்ஙனம்? கணினித் திரையிற் சுட்டி அணுகும்போது படவுருக்கள் மெல்ல விரிந்து பெரிதாகும் உத்தியின் வரலாறு இவ்வினாவிலிருந்தே தொடங்குகின்றது.

இதற்கு இயற்கை தரும் விடையொன்று நீரினுள்ளே உளது. அமைதியான நீரினுள் இருந்து மேல்நோக்கும் மீனுக்கு, ஒளிமுறிவின் காரணமாக, நீருக்கு மேலுள்ள உலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை கொண்ட ஒரு கூம்பினுள் அடங்கித் தோன்றும். உச்சியிலுள்ளவை விரிந்தும் கரையோரத் தென்னைகள் விளிம்பில் ஒடுங்கியும் தெரியும். எனினும் எதுவும் முற்றாக விடுபடுவதில்லை. அமெரிக்கப் பௌதிகவியலாளரான றொபேட் வூட் 1906இல் இதனை ஆராய்ந்து, 'மீன்விழிப் பார்வை' எனப் பெயரிட்டார்.

கணினித் துறைக்கு இப்பார்வை தேவைப்பட்டமை பின்னரேயாம். கோப்புகளையும் கருவிகளையும் சிறு படவுருக்களாகத் திரையிற் காட்டிய செறொக்ஸ் ஸ்டார் கணினி 1981இல் விற்பனைக்கு வந்தது. காட்டவேண்டியவை பெருகப் பெருகத் திரை போதாதாயிற்று. 1982இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் றொபேட் ஸ்பென்ஸ், மார்க் அப்பர்லியுடன் இணைந்து, நடுப்பகுதியை இயல்பான அளவிலும் இரு பக்கங்களை நெருக்கியும் காட்டும் முறையொன்றை வெளியிட்டார். 1986இல் ஜோர்ஜ் பேர்ணாஸ் இதற்குப் பொதுவிதி வகுத்தார். ஒரு பொருளுக்கு இயல்பாக உள்ள முதன்மையிலிருந்து, நோக்குமிடத்துக்கும் அதற்கும் உள்ள தொலைவைக் கழித்தால், அதனை எவ்வளவு காட்டவேண்டும் என்பது பெறப்படும் என்பதே அவ்விதி. 1992இல் மனோஜித் சர்க்காரும் மார்க் பிறவுணும் இக்கருத்தை வரைபடங்களின் வடிவத்துக்கும் அளவுக்கும் பொருத்திக் காட்டினர்.

இந்நீண்ட மரபின் பின்னரே, 2000ஆம் ஆண்டு சனவரியில் அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் சான் பிரான்சிஸ்கோவில் தமது புதிய இயங்குதளத்தை அறிமுகஞ் செய்தார். திரையின் அடியில் வரிசையாக நின்ற படவுருக்கள் சுட்டி நெருங்கியதும் அலைபோல் எழுந்தன. நடுவிலிருந்தது மிகப் பெரிதாகவும் அயலிலுள்ளவை படிப்படியாகச் சிறுத்தும் தோன்றின. 2001 மார்ச்சில் அது விற்பனைக்கு வந்தது. பொதுமக்கள் பலர் மீன்விழிப் பார்வையை முதன்முதற் கண்டது இவ்வடிவிலேயே எனலாம்.

ஆயினும், கண்ணுக்குப் பெரிதானது கைக்கும் பெரிதாகின்றதா என்பது ஈண்டு எழும் வினா. பெரிய இலக்கைக் கை விரைவில் எட்டும் என்பதைப் போல் பிற்ஸ் 1954இலேயே அளந்து நிறுவினார். தனித்து நிற்கும் இலக்கு, சுட்டி பத்தில் ஒன்பது பங்கு தொலைவைக் கடந்த பின்னர் விரிந்தாலும் பயனுண்டு என 2002இல் மைக்கல் மக்கபினும் றவீன் பாலகிருஷ்ணனும் கண்டனர். ஆனால் நெருங்கிய வரிசையில் நிலைமை வேறு. ஒன்று விரிய மற்றவை விலகி நகருகின்றன. வரிசை வழியே செல்லும் சுட்டிக்கு ஒவ்வொரு படவுருவும் அளிக்கும் இடம் முன்னைய சிற்றிடமே. படம் வளர்ந்தது; இலக்கு அவ்வளவுக்கு வளரவில்லை.

அமெரிக்க அரசு 2008இல் அந்நிறுவனத்துக்கு இவ்வமைப்பின்மீது காப்புரிமை வழங்கியது. உரிமை ஒரு நிறுவனத்துக்கே வழங்கப்படினும், அதன் பின்னால் ஒரு பௌதிகவியலாளரும் பல ஆய்வாளரும் நிற்பதை வரலாறு மறத்தலாகாது. கட்டற்ற மென்பொருளாகிய கெய்ரோ டொக் போன்றவையும் இவ்விளைவை எல்லார்க்கும் எட்டச் செய்தன.

நீரினுள்ளே தெரியும் மீனைக் குத்த முனைபவன், அது தோன்றும் இடத்துக்குச் சற்றுக் கீழே குறிவைத்தல் வேண்டும். தோற்றம் ஓரிடத்தும் மீன் வேறோரிடத்தும் இருப்பதே காரணம். திரையை அமைப்போரும் இவ்வேறுபாட்டை உணர்தல் தகும். காட்சியின் வியப்பைக் கொண்டன்று, பயன்படுத்துவோரின் கை தேடியதைத் தவறாது எட்டுவதைக் கொண்டே இத்தகைய உத்திகள் மதிப்பிடப்படல் வேண்டும்.