நொய்ச் சோறு, வியட்நாம் கொத்துக்கறி: கூடலூர் கிச்சனில் 20 நிமிடப் பன்றிக்கறி!

முதலில் ஒரு விஷயம். இது நீலகிரி கூடலூர் இல்லை. போனில் 'கூடலூர்' என்று அடித்தால் பாதி நேரம் ஊட்டிப் பக்கம் கூட்டிட்டுப் போயிடும். இது தேனி மாவட்டக் கூடலூர். ஒரு பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டம், இன்னொரு பக்கம் நெல் வயல், நடுவில் கம்பத்திலிருந்து குமுளிக்குப் போகும் ரோடு. லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் கேரளா.

பன்றிக்கறி விஷயத்தில் அந்த மலைப்பாதை பெரிய எல்லைக்கோடு. மேலே ஏறினால், தேங்காய்ச் சில்லு போட்டு வறுத்த போர்க் ஃப்ரை ஹோட்டல் போர்டிலேயே இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியிலும் வரும். கீழே இறங்கினால் அதே கறி சத்தமில்லாமல் கறுப்புக் கவரில்தான் வீட்டுக்கு வருகிறது. 'வெண்பன்றி இறைச்சி' போர்டு ஊருக்கு ஒதுக்குப்புறமாகத்தான் தொங்கும். சாப்பிடுகிறவர்கள் நிறைய, சொல்லிக்கொள்கிறவர்கள் குறைவு. இதற்குப் பின்னால் சாதியும் இருக்கிறது என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கொரியன் சீரிஸ் பார்த்துவிட்டு 'போர்க் பெல்லி' ரீல்ஸுக்கு ஹார்ட் போடுகிற அதே பசங்கதான் உள்ளூர்க் கடைக்குப் போகக் கூச்சப்படுகிறார்கள். அவர்களுக்கும், ஏற்கெனவே வாங்கிச் சாப்பிட்டு 'மிளகு வறுவலை விட்டா வேற எதுவும் தெரியலையே' என்பவர்களுக்கும்தான் இது. வியட்நாமில் வாரநாள் மதியங்களில் வீடுகளில் சர்வசாதாரணமாகச் செய்கிற, லெமன்கிராஸ் போட்ட பன்றிக் கொத்துக்கறி. 'தித்' என்றால் கறி, 'பம்' என்றால் கொத்தியது. நம்ம கொத்துக்கறிதான், மசாலா மட்டும் வேறு.

சைகோன் நமக்குத் தூரம் இல்லை

வியட்நாம் சாப்பாடு தமிழர்களுக்கு நேற்று ரீல்ஸில் வந்தது இல்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் நிறையப் பேர் சைகோனுக்கு வேலைக்குப் போனார்கள். 1881-ல் வந்த ஓர் ஆணை, சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கிறவர்களுக்கு வழி திறந்தது. அப்படிக் கையெழுத்துப் போட்ட பலர் இந்தோசீனாவில் அரசு வேலைக்கும் ராணுவத்துக்கும் போனார்கள். இன்றைய ஹோ சி மின் நகரத்தின் நடுவில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. வியட்நாம்காரர்களே அங்கே வந்து கும்பிடுகிறார்கள்.

1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமில் தோற்றார்கள். அதே வருடம் நவம்பர் 1-ம் தேதி புதுச்சேரியும் இந்தியாவின் கைக்கு வந்தது. அந்தக் காலத்தை ஒட்டிப் பல குடும்பங்கள் ஊர் திரும்பின. வியட்நாம் மனைவிகளும் அம்மாக்களும் கூடவே வந்தார்கள். புதுச்சேரியின் சில வீடுகளில் 'நெம்' என்கிற பொரித்த ரோல் பண்டிகைப் பலகாரமானது இப்படித்தான். உள்ளே வைக்கும் பூரணம் என்ன? பெரும்பாலும் கொத்திய பன்றிக்கறி.

நொய் என்றால் கேவலமா?

இந்தச் சமையலில் என்னை ரொம்பக் கவர்ந்தது கறி இல்லை, சோறு. தெற்கு வியட்நாமின் அடையாள உணவுகளில் ஒன்று 'கோம் தாம்'. அர்த்தம், உடைந்த அரிசிச் சோறு. அரவையில் உடைந்து விழுகிற, விற்க முடியாத நொய்யை அங்கே ஏழை விவசாயிகள் வடித்துச் சாப்பிட்டார்கள். பிறகு அது சைகோன் நகரத் தெருக்களுக்கு வந்தது. இன்றைக்குப் பெரிய ஹோட்டல்களிலும் சுட்ட பன்றிக்கறியோடு தட்டில் வருகிறது.

நம்ம ஊரில் நொய் என்றால் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி, இல்லையென்றால் கோழிக்குத் தீனி. 1895-ல் முல்லைப்பெரியாறு அணை வந்ததிலிருந்து தண்ணீர் பார்த்த பள்ளத்தாக்கு இது. 14,707 ஏக்கரில் இருபோக நெல் என்று பொதுப்பணித்துறைக் கணக்கே சொல்லும். அப்படிப்பட்ட ஊரில் அரிசி மில்லில் நொய் கேட்டு வாங்க என்ன வெட்கம்? குழம்பை நன்றாக உறிஞ்சும், விலையும் குறைவு.

வடிப்பதில் ஒரே ஒரு கவனம். குக்கரில் வைத்தால் களியாகிவிடும். ஒரு டம்ளர் நொய்யை இரண்டு முறை மட்டும் கழுவி, 15 நிமிடம் ஊற வைத்து, தண்ணீரை வடித்துவிடுங்கள். அடி கனமான பாத்திரத்தில் ஒன்றேகால் டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, நொய்யைப் போட்டு, தீயைச் சிம்மில் வைத்து மூடுங்கள். 10 நிமிடத்தில் அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் இன்னொரு 10 நிமிடம் விடுங்கள். பொலபொலவென்று வரும். புழுங்கல் நொய் என்றால் தண்ணீரும் நேரமும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

கடையில் என்ன கேட்பது?

கொழுப்பே இல்லாத கறி வேண்டாம். கொத்துக்கறி வறவறவென்று ஆகிவிடும். முன்பக்கச் சப்பைக்கறியாக, தோல் நீக்கி, நாலில் ஒரு பங்கு கொழுப்போடு அரை கிலோ கேளுங்கள். துண்டாகவே வாங்குங்கள். கடைக்காரரிடம் கொத்தித் தரச் சொல்வதாக இருந்தாலும், கொத்துவதற்கு முன் வெட்டுப்பட்ட பக்கத்தை உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். காரணம் இருக்கிறது.

கறிக்குள் அரிசி மணி மாதிரியோ, சின்னப் பட்டாணி மாதிரியோ வெள்ளையாக, நீர் கோத்த முத்துகள் தெரிந்தால் அந்தக் கறி வேண்டாம். அது நாடாப்புழுவின் லார்வா. கொத்திய பிறகு அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பண்ணையில் அடைத்து, தீவனம் போட்டு வளர்க்கிற 'லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர்' போன்ற வெண்பன்றிகளில் இந்தப் பிரச்னை குறைவு. தெருவில் மேய்கிற பன்றிக்கு மனிதக் கழிவு வழியாக வருகிறது. 'எங்க பண்ணையில இருந்து வருது?' என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல கடைக்காரர் பதில் சொல்வார்.

இங்கே பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிற ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 'பன்றிக்கறி சாப்பிட்டா மூளையில புழு வரும், வலிப்பு வரும்' என்பார்கள். பாதிதான் சரி. லார்வா உள்ள கறியை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வயிற்றில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போகிற நோய் அந்தப் புழுவின் முட்டையிலிருந்து வருகிறது. வயிற்றில் புழு உள்ள மனிதரின் மலத்தில் முட்டை வெளியேறும். கழுவாத கை, சரியாகக் கழுவாத கீரை, தண்ணீர் வழியாக அடுத்தவர் வாய்க்குள் போகும். அதனால் பன்றியைத் தொட்டே பார்க்காத சைவக்காரருக்கும் வரலாம். இந்த நோய் பரவலாக உள்ள நாடுகளில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 சதவிகிதம் பேருக்கு இதுதான் காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, உங்கள் கையில் இருக்கிற ஆயுதம் இரண்டு. கறியை முழுசாக வேகவைப்பது, சோப்புப் போட்டுக் கை கழுவுவது. இந்த உணவோடு பச்சைக் காய்கறியும் தட்டில் வரப்போகிறது என்பதால் இரண்டாவதை மறக்காதீர்கள்.

கொத்துக்கறிக்கு உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும் என்பது பொது விதி. தெர்மாமீட்டர் எல்லாம் யாரிடம் இருக்கு? இந்த ரெசிப்பியில் கறி பொன்னிறமாக வறுபடுகிற அளவுக்குப் போவதால் அந்தக் கவலை இல்லை. எங்கேயும் ரோஸ் நிறம் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு பயம், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2022-ல் வயநாட்டுப் பண்ணைகளில் வந்தபோது இந்தப் பக்கமும் வியாபாரம் படுத்தது. அது பன்றிகளைக் கொல்லும், மனிதர்களுக்குத் தொற்றாது.

மீன் சாஸ் இல்லாமல் முடியுமா?

வியட்நாம் சமையலின் உப்பு, 'நுக் மாம்' என்கிற மீன் சாஸ். நெத்திலி வகை மீனையும் உப்பையும் மரத்தொட்டியில் அடுக்கி, ஒரு வருடம்போல் புளிக்கவிட்டு வடிக்கிறார்கள். பழைய ரோமானியர்களிடமும் 'காரும்' என்று இதே மாதிரி ஒரு சரக்கு இருந்தது. ஆன்லைனில் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். மீன், உப்பு, அதிகபட்சம் கொஞ்சம் சர்க்கரை, இவ்வளவு போதும். '30என்', '40என்' என்று போட்டிருந்தால் அது ஒரு லிட்டரில் எத்தனை கிராம் நைட்ரஜன் என்கிற கணக்கு. எண் கூடக்கூட மீனின் சாரம் அதிகம்.

பாட்டில் கிடைக்கவில்லையா? சந்தையில் நெத்திலிக் கருவாடு கிடைக்கும். தலை கிள்ளிக் கழுவிய 25 கிராம் கருவாட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, கால் டம்ளர் ஆகும்வரை சிம்மில் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஒரு ஸ்பூன் சோயா சாஸ் சேருங்கள். நுக் மாம் ஆகாதுதான். ஆனால் வெறும் சோயா சாஸைவிட எவ்வளவோ மேல். கருவாடு கொதிக்கிற வாசத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் நான் பொறுப்பில்லை.

எதுவானாலும் உப்பைத் தனியாகப் போடாதீர்கள். ஒரு டேபிள்ஸ்பூன் மீன் சாஸிலேயே சுமார் 1,400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழே என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வீட்டில் பிரஷர் பேஷன்ட் இருந்தால் அளவில் பாதி போடுங்கள்.

லெமன்கிராஸுக்கு அலைய வேண்டாம். இடுக்கி மலையில் தைலம் காய்ச்சுகிற புல்லும் இதே குடும்பம்தான், ஆனால் சமையலுக்கு ஏற்றது அடித்தண்டு தடித்த வகை. நர்சரியில் ஒரு தூர் வாங்கித் தொட்டியில் நட்டால், கூடலூர்க் காற்றுக்குப் புதராக வளரும். வெளித்தோலை உரித்து, அடியில் உள்ள வெள்ளைப் பகுதியை மட்டும் தூள் தூளாக நறுக்குங்கள். சோம்பேறித்தனமாகப் பெரிசாக நறுக்கினால் வாயில் நார் நாராகச் சிக்கும்.

இப்போ அடுப்பைப் பற்றவைக்கலாம்

தேவையானவை (4 பேருக்கு): பன்றிக்கறி - அரை கிலோ, பொடியாக நறுக்கிய லெமன்கிராஸ் - 3 டேபிள்ஸ்பூன், சின்ன வெங்காயம் - 10, பூண்டு - 6 பல், பச்சை அல்லது சிவப்பு மிளகாய் - 2, சர்க்கரை - ஒன்றரை டேபிள்ஸ்பூன், மீன் சாஸ் - 2 டேபிள்ஸ்பூன், இளநீர் - கால் டம்ளர், மிளகுத்தூள் - அரை டீஸ்பூன், எண்ணெய் - ஒரு டேபிள்ஸ்பூன், எலுமிச்சம்பழம் - பாதி, மல்லித்தழை, புதினா - கொஞ்சம்.

கறியை வீட்டிலேயே கொத்துவதாக இருந்தால் 20 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். கொஞ்சம் விறைத்துக்கொண்டால் கத்திக்கு வாகாக இருக்கும். மிக்ஸியில் அரைத்துவிடாதீர்கள், பசையாகிவிடும். விட்டு விட்டு இரண்டு சுற்று என்றால் சரி.

இரும்புச் சட்டியை நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் ஊற்றி, கறியைப் பரப்பிப் போடுங்கள். போட்டதும் கிண்டத் தோன்றும். கிண்டாதீர்கள். முழுத் தீயில் 3 நிமிடம் அப்படியே விடுங்கள். அடி சிவந்ததும் கரண்டியால் உடைத்துப் புரட்டுங்கள். தண்ணீர் விட்டுக்கொள்ளும். அது வற்றி, கொழுப்பு உருகி, கறி அதன் கொழுப்பிலேயே சடசடவென்று பொரிகிற சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் உங்களுக்கு சிக்னல். மொத்தம் 8 நிமிடம் ஆகலாம்.

கறியை ஓரமாக ஒதுக்கி, நடுவில் தேங்கிய கொழுப்பில் லெமன்கிராஸ், வெங்காயம், பூண்டு, மிளகாய் போட்டு 2 நிமிடம் வதக்குங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் புரட்டிவிட்டு, தீயைக் குறைத்துச் சர்க்கரையைத் தூவுங்கள். முதல் தடவை நான் முழுத் தீயில் சர்க்கரை போட்டு, கரிந்த கசப்போடு மூன்று நாள் சட்டி தேய்த்தேன். சர்க்கரை உருகிப் பளபளப்பானதும் மீன் சாஸ், இளநீர் ஊற்றி, 3 நிமிடம் சுண்டவிடுங்கள். மீன் சாஸ் சூட்டில் படும்போது ஒரு நெடி வரும், பயப்படாதீர்கள், ஒரே நிமிடத்தில் அடங்கிவிடும். குழம்பாகவும் இல்லாமல் வறுவலாகவும் இல்லாமல், கறி மேல் சிரப் மாதிரி ஒட்டியதும் மிளகு தூவி இறக்குங்கள். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகுதான்.

கூடத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் ஒன்று உண்டு. ஒரு கேரட்டையும் ஒரு சின்ன முள்ளங்கியையும் தீக்குச்சி மாதிரி நறுக்கி, அரை டம்ளர் வினிகர், அதே அளவு வெந்நீர், 2 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் உப்பு கலந்து ஊறவிடுங்கள். கறியை நறுக்க ஆரம்பிக்கும் முன் இதைப் போட்டுவிட்டால், சாப்பிட உட்காரும்போது தயார். கறி வெட்டிய பலகையிலேயே கேரட்டை நறுக்காதீர்கள், ப்ளீஸ்.

நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறீர்களா? கம்பம், உத்தமபாளையம் பக்கம் இஸ்லாமிய நண்பர் இல்லாத செட்டே கிடையாது. சமைக்கும் முன் சொல்லிவிடுங்கள். பன்றிக்கறிக்கென்று ஒரு சட்டி, ஒரு கரண்டி, ஒரு பலகை தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 'கழுவிட்டேன்டா' என்பது அவர்களுக்குப் பதில் ஆகாது. அன்றைக்கு அவர்களும் சாப்பிட உட்காருவார்கள் என்றால் ஹலால் கோழிக் கொத்துக்கறியில் இதையே செய்யலாம். கோழியில் கொழுப்பு குறைவு என்பதால் எண்ணெய் இன்னொரு ஸ்பூன், வறுக்கும் நேரம் பாதி.

மீந்தால் ஃப்ரிட்ஜில் 3 நாள் தாங்கும். எடுத்து ஆவி பறக்கச் சூடாக்குங்கள். கல் தோசை மேல் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, இந்தக் கொத்துக்கறியைப் பரப்பி, மூடி போட்டு வேகவிட்டுப் பாருங்கள். சைகோனில் இது கிடைக்காது.