ஜூலை 12, 1999

அப்பா வீட்டுக்குள் பீடி பிடிக்க ஆரம்பித்தது 1999-ல். அதுவரை ஸ்ரீவராகம் குளக்கரைதான் அவருக்கு இடம்.

அந்த ஜூலை 12-ல், கோட்டயம் மோனம்மா கொக்காடும் கே.ராமகிருஷ்ணனும் போட்ட வழக்கில், பொது இடத்தில் புகைப்பது சட்டவிரோதம் என்றது கேரள உயர் நீதிமன்றம். நீதிபதிகளில் ஒருவர் நம்ம ஏ.ஆர்.லட்சுமணன். அடுத்தவன் விடும் புகை என் உயிர் வாழும் உரிமையை, அதாவது 21-வது பிரிவை, மீறுகிறது என்பது வாதம். அருமையான வாதம்! 2001-ல் உச்ச நீதிமன்றமும் நாடு முழுக்கத் தடை போட்டது. 2003-ல் சட்டமே வந்தது.

வீடு பொது இடமில்லையே. போலீசுக்குப் பயந்து அப்பா அடுக்களைத் திண்ணைக்கு மாறினார். சிதைந்த நுரையீரல் அறைகள் திரும்ப வளராதாம். இன்று இன்ஹேலர் இல்லாமல் குளம்வரை நடக்க அவரால் முடியாது. பீடியைத் தொட்டே பார்க்காத அம்மாவுக்கும் போன மாதம் அதே இன்ஹேலரை எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர்.