சண்டேசுவரர் சந்நிதி: தஞ்சைப் பெருங்கோயிலின் பொருளாதாரம் பற்றிய ஒரு குறிப்பு

தஞ்சைப் பெருங்கோயிலைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதன் விமானத்தின் உயரத்தையே முதலிற் குறிப்பிட்டுள்ளனர். ஏறத்தாழ 60 மீற்றர் உயர்ந்து நிற்கும் அவ்விமானத்தின் வடபுறத்தில், அபிடேக நீர் வெளியேறும் கோமுகைக்கு அண்மையில், சண்டேசுவரருக்குரிய சிறு கோயிலொன்று உண்டு. அதே வளாகத்திலுள்ள அம்மன் கோயில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. சிற்ப நுட்பத்துக்காகப் போற்றப்படும் சுப்பிரமணியர் கோயில் நாயக்கர் காலத்தது. சண்டேசுவரர் கோயிலோ முதலாம் இராசராசன் (985–1014) காலத்திலேயே விமானத்துடன் எழுந்தது. அம்மனுக்குத் தனிக்கோயில் அமைக்கும் வழக்கம் பரவுமுன்னரே இவருக்குத் தனிக்கோயில் வேண்டப்பட்டமை ஏன் என்பதே நாம் இங்கு எழுப்பும் வினாவாகும்.

இன்று சிவாலயம் செல்வோர் வலம்வந்து முடியும் வேளையில் இவர் முன் நின்று கைதட்டுகின்றனர். சண்டேசுவரர் செவிடர் என்றும், தியானத்தில் ஆழ்ந்திருப்பவர் என்றும், அவரை எழுப்பவே தட்டுகிறோம் என்றும் காரணம் கூறுவர். உடையிலிருந்து நூலொன்றைப் பிய்த்து அவர்மேல் இடுவோரும் உளர். ஆனால் அச்செய்கைக்கு வேறொரு விளக்கமும் வழங்கிவருகிறது: கோயிற் பொருள் எதனையும் கொண்டுசெல்லவில்லை என வெறுங்கையைத் தட்டிக் காட்டுவதே அது என்பர். சோழர் காலச் சாசனங்களுடன் பொருந்துவது இரண்டாவது விளக்கமே என்பது எமது கருத்து.

சண்டேசுவரரின் கதை தேவாரத்திலேயே சுட்டப்படுகிறது. விரிவாகக் கூறியவர் 12ஆம் நூற்றாண்டினரான சேக்கிழார். சேய்ஞலூர் அந்தணச் சிறுவன் விசாரசருமன், பசுவை அடித்த இடையனிடமிருந்து மேய்ச்சலைத் தான் ஏற்கிறான். மண்ணியாற்றங்கரையில் ஆத்தி மரத்தின்கீழ் மணலால் இலிங்கம் அமைத்துப் பாலைச் சொரிகிறான். பாற்குடத்தைக் காலால் இடறிய தந்தை எச்சதத்தனின் கால்களை, கையிலெடுத்த கோல் மழுவாக, வெட்டுகிறான். இனி உனக்குத் தந்தை யாமே எனக் கூறும் இறைவன், தொண்டர்க்குத் தலைமையையும், தான் உண்டதும் உடுத்ததும் சூடியதுமாகிய எச்சங்களையும் அவனுக்கு உரிமையாக்குகிறான்.

பக்தியின் உச்சமெனப் பாராட்டப்படும் இக்கதையின் முரண் பொருளுடைமை பற்றியது என்பதைக் கவனித்தல் வேண்டும். பால் யாருக்கு உரியது? பசுக்கள் ஊர் அந்தணருடையவை. அவர்தம் வேள்விக்கும் மனைக்கும் பால் தருபவை. முறையிடுவோர் ஊரார், எச்சதத்தனை அழைத்து விசாரிப்பது ஊர்ச்சபை. மனைகளுக்குச் சேரும் பால் குறையவில்லை என்று சேக்கிழார் வற்புறுத்திச் சொல்கிறார். அவரைச் சோழ அரசின் உயர் அதிகாரி என மரபு கூறும். கோயிலுக்குக் கொடுப்பதால் ஊருக்குக் குறைவில்லை என்ற கூற்று, அத்தகையவரிடமிருந்து வருவது தற்செயலன்று. இரத்த உறவின் வழிவரும் உரிமை வெட்டப்பட்டு, தெய்வமே தந்தையாகும்போது, தெய்வத்தின் உடைமைக்கு ஒரு காவலனும் கிடைத்துவிடுகிறான்.

இக்காவலனைச் சாசனங்களில் ஆதிசண்டேசுவர தேவராகச் சந்திக்கிறோம். கோயில் சார்பில் நிலம் விற்றலும் வாங்கலும், பொன்னையும் காசையும் கடனாக வழங்கலும் அவர் பெயராலேயே நிகழ்ந்தன. 1891 முதல் ஹூல்ற்ஷ் பதிப்பித்த தஞ்சைச் சாசனங்களைப் படிப்போர்க்கு, கடவுளைவிடக் கணக்கே அவற்றில் மிகுதி என்ற எண்ணம் தோன்றுமாயின் அது தவறன்று. இராசராசனின் தமக்கை குந்தவை முதலானோர் எடுப்பித்த திருமேனிகளின் பூசைக்கும் திருவிழாவுக்கும் வைத்த காசு, கருவூலத்தில் உறங்கவில்லை. காவிரி வளநாடுகளின் ஊர்ச்சபைகளிடம் அது கொடுக்கப்பட்டது. ஆண்டுக்குக் காசொன்றுக்கு அரைக்காற் காசு, அதாவது நூற்றுக்கு 12½, வட்டியாகும். நெல்லாக அளப்போர் காசொன்றுக்கு மூன்று குறுணி அளந்தனர். காசுக்கு இருகல நெல் என்ற விலையில் இதுவும் எட்டிலொரு பங்கே. நெல்லை அளந்த மரக்காலின் பெயரும் ஆடவல்லான்; இறைவனின் பெயர் அளவைக் கருவியிலும் ஏறிவிட்டது. வட்டி சந்திராதித்தர் உள்ளளவும் இறுக்கப்பட வேண்டியது. முதலைத் திருப்பித் தந்து விடுபடும் கடனன்று இது.

கதையில் சண்டேசுவரர்மீது முறையிட்ட ஊர்ச்சபை, சாசனத்தில் அவருக்குக் கடன்பட்டு நிற்கிறது.

இக்கடனை வட்டித்தொழில் எனக் கொள்வதா, வேளாண்மைக்கான முதலீடு எனக் கொள்வதா என்பது விவாதத்துக்குரியது. தஞ்சைக் கோயிலின் பணக்கடனையும் கால்நடைப் பங்கீட்டையும் 1968இல் ஆராய்ந்த ஜோர்ஜ் ஸ்பென்சர், கோயிலில் திரண்ட செல்வம் ஊர்ப்புறத்துக்கு மீளப் பகிரப்பட்டதை எடுத்துக்காட்டினார். அது பயனுள்ள ஆய்வே. எனினும், மீளப் பகிர்வு என்ற சொல் எமக்கு முழுநிறைவு தருவதன்று. கடனை ஏற்றவர் சபையார், அதாவது நிலமுடையோர். வட்டிக்குரிய நெல்லை விளைவித்தவர் நிலத்தில் உழைத்தோர். முன்னவரின் ஒப்பம் கல்லில் உண்டு. பின்னவர் அவ்வொப்பந்தத்தில் ஒரு தரப்பினர் அல்லர்.

விளக்குக்கு விட்ட கால்நடைகளில் இவ்வுறவு இன்னும் வெளிப்படையானது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அன்றேல் 48 பசு, அன்றேல் 16 எருமை; அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அட்ட வேண்டும். இவ்வாறு விட்ட ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு எனச் சாசன மரபு வழங்கும். ஆடு சாவதும் மூப்பதும் இயற்கை. சாசனத்தில் மட்டும் அவை சாவா. மந்தையின் தொகை குறையாமற் காக்கும் பொறுப்பு முழுவதும் மேய்ப்பவனுடையதாயிற்று. பசுவை அடித்தமைக்காக மேய்ச்சலை இழந்த இடையனைக் கதை ஒரு கணம் காட்டி மறந்துவிடுகிறது. சாசனமோ அவன் இனத்தாரைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவைக்கிறது.

இப்பொருள் நாட்டெல்லையையும் கடந்தது. இராசராசன் இக்கோயிலுக்கு விட்ட ஊர்களுள் மும்முடிசோழமண்டலம் எனப் பெயரிடப்பட்ட ஈழத்து ஊர்களும் அடங்கும். படையெடுப்பின் பயன் திருவமுதாகவும் திருவிளக்காகவும் உருமாறியது. பேரரசுக்கும் பெருந்தத்துவத்துக்கும் இருந்த தொடர்பைப் பேராசிரியர் கைலாசபதி 1960களிலேயே விளக்கினார். அத்தொடர்பின் நாளாந்த நடைமுறை இச்சிறு சந்நிதியின் பெயராலேயே இயங்கியது என நாம் சேர்த்துக்கொள்ளலாம். இராசேந்திரன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்தில், சண்டேசர் தலையில் இறைவன் மாலை சூட்டும் சிற்பத்தை அம்மன்னனின் முடிசூட்டலாகவே சிலர் விளங்கிக்கொண்டுள்ளனர். அரசன் தன்னை இறைவனின் உடைமைக் காவலனோடு ஒப்புமைப்படுத்த விரும்பினான் எனில் அதில் வியப்பில்லை.

1279 அளவில் சோழராட்சி முடிவுற்றது. ஆதிசண்டேசுவரர் பெயரால் பொருள் கொடுத்து வாங்கும் வழக்கமும் காலப்போக்கில் அருகிற்று. சிவன் சொத்துக் குலநாசம் என்ற பழமொழி மட்டும் காவலனின் மழுவை நினைவூட்டி நின்றது. பிரித்தானியர் ஆட்சியில் கோயிற் சொத்து நீதிமன்றத்துக்கும் தர்மகர்த்தாக்களுக்கும் உரிய விடயமாயிற்று. 1925இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், வங்காளக் குடும்பமொன்றின் வழக்கில், இந்துக் கோயில் மூர்த்தி சட்டத்தின் முன் ஓர் ஆள் என ஏற்றுக்கொண்டது. மூர்த்தியே உடைமையாளராகவும் வழக்காளியாகவும் நிற்கக்கூடிய அச்சட்டத்தில் ஆதிதாசனுக்கு இடமில்லை. கணக்குக் கேட்டவர் செவிடராகி, கைதட்டல் அவரை எழுப்பும் ஓசையாக விளங்கிக்கொள்ளப்பட்டது அவர் இவ்வலுவலை இழந்ததன் பின்னரேயாதல் வேண்டும்.