இரும்பும் நிலக்கரியும் வரைந்த ஓவியர்



கைத்தொழிற் புரட்சியைப் பற்றி எமது பிள்ளைகள் பாடசாலையில் படிக்கிறார்கள். நீராவி இயந்திரம், பாலம், ரயில் பாதை என்று பட்டியல் நீளும். அவற்றைச் செய்த கைகளைப் பற்றிய பேச்சு குறைவு. அந்தக் கைகளை ஒரு பெரிய மாளிகைக்குள் கொண்டுபோய் வைத்த ஓவியர் வில்லியம் பெல் ஸ்கொட். இம்மாத உரைக்கு அவரையே எடுத்துக்கொண்டேன்.

ஸ்கொட் 1811இல் எடின்பரோவில் பிறந்தவர். தந்தை உலோகத் தகட்டில் படம் செதுக்கும் கலைஞர். அண்ணன் டேவிட்டும் ஓவியர். 1837இல் ஸ்கொட் இலண்டனுக்குப் போனார். நாடாளுமன்றச் சுவர்களுக்கு ஓவியம் வரைய 1843இல் நடந்த போட்டியில் கலந்துகொண்டார். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் நியூகாசிலில் அரசாங்க வடிவமைப்புப் பாடசாலையை நடத்தும் வேலை கிடைத்தது. பிழைப்புக்காகப் போன அந்த ஊரில் சுமார் 20 ஆண்டுகள் தங்கிவிட்டார்.

அது நிலக்கரியாலும் இரும்பாலும் வளர்ந்துகொண்டிருந்த நகரம். 1849இல் ரொபேட் ஸ்டீபன்சனின் உயர்மட்டப் பாலம் டைன் ஆற்றின் மேல் திறக்கப்பட்டது. மேலே ரயில், கீழே வண்டிப் பாதை. மேற்கே எல்ஸ்விக்கில் வில்லியம் ஆம்ஸ்ரோங்கின் தொழிற்சாலை. பாரந்தூக்கிகள் செய்யத் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, 1850களில் நடந்த கிரைமியப் போருக்குப் பின் பீரங்கியும் செய்தது.

அக்காலத்தில்தான் வொலிங்டன் மாளிகையின் திரெவெலியன் தம்பதியர், நோதம்பர்லாந்தின் வரலாற்றை எட்டு ஓவியங்களாக வரைய ஸ்கொட்டை அழைத்தார்கள். உரோமர் கட்டிய மதிலில் தொடங்கி, 1838இல் கப்பல் உடைந்து தவித்தவர்களைக் காப்பாற்றிய கிரேஸ் டார்லிங் வரை ஏழு ஓவியங்கள். எட்டாவது, 1861இல் முடிந்த 'இரும்பும் நிலக்கரியும்'.

அதில் புனிதரும் இல்லை, போர்வீரரும் இல்லை. நடுவிலே சம்மட்டி ஓங்கிய தொழிலாளர்கள். ஒரு பக்கம் விளக்கோடு சுரங்கச் சிறுவன். பின்னால் ஆறும், பாலத்தில் புகைவிட்டுப் போகும் ரயிலும். பெயர் தெரியாத உழைப்பாளிகளோடு அந்த வரலாற்றை முடித்தார் ஸ்கொட்.

என்னைப் பிடித்து நிறுத்துவது முன்பக்கத்தில் உள்ள சிறுமி. தகப்பனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள். மடியிலே கணக்குப் புத்தகம். அவள் இருக்கும் இடத்தில் ஒரு ஆம்ஸ்ரோங் பீரங்கி.

சாப்பாடு, படிப்பு, பீரங்கி மூன்றும் ஒரே பட்டறையில். நாட்டின் பெருமையைக் காட்டத்தான் ஸ்கொட் அதை வரைந்தார். ஆனால் கண்ட உண்மையை மறைக்கவில்லை. அதே 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆம்ஸ்ரோங்கின் ஆயுதங்கள் இரு தரப்புக்கும் விற்கப்பட்டன. அந்தச் சம்மட்டிக்காரருக்கு அதனால் கூலி கிடைத்தது. குண்டு விழுந்த இடத்தை அவர் கண்டிருக்க மாட்டார். விழுந்த இடத்திலிருந்து வந்த எம்மவர்களுக்கு, அந்தப் பீரங்கியைச் சும்மா ஒரு அலங்காரமாகப் பார்க்க முடியாது.

ஸ்கொட் 1890இல் காலமானார். வொலிங்டன் மாளிகை 1941இல் தேசிய அறக்கட்டளையிடம் வந்தது. பிள்ளைகளோடு அங்கே போகக் கிடைத்தால், பாலத்தையும் ரயிலையும் காட்டுங்கள். பிறகு அந்தச் சிறுமியின் அருகில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.