ஏ40 வாங்கப் போகிறீர்களா? பழையபடி ஆக்குவதா, மாற்றிக் கட்டுவதா?

யாழ்ப்பாணத்தில் ‘ஏ40’ என்றால் என்னவென்று யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பஸ் நிலையத்தடியில் வாடகைக்கு நின்றதும், கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிப் போனதும், நடுச்சாமத்தில் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் பெரும்பாலும் இந்தக் கார்கள்தான். இங்கிலாந்தில் பேர்மிங்காமை அடுத்த லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் ஒஸ்ரின் நிறுவனம் 1947 இல் ‘டெவன்’ என்ற ஏ40ஐயும் 1952 இல் உருண்டை முகம் கொண்ட ‘சோமர்செற்’ என்ற ஏ40ஐயும் வெளியிட்டது. சோமர்செற்றின் உற்பத்தி 1954 உடன் முடிந்துவிட்டது. 1200 சீசீ என்ஜின், 42 குதிரை வலு, ஸ்ரியறிங் தண்டோடு கியர்த் தடி. இன்றைக்கு இந்தக் கார்களில் மிக இளையதற்கும் எழுபது வயது கடந்துவிட்டது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு கொட்டில்களில் கிடந்த பழைய கார்களையும் ஆட்கள் தேடத் தொடங்கினார்கள். 2025 இல் இறக்குமதி மீண்டும் திறந்தபோதும் புதிய வாகனங்களின் விலை எட்டாத உயரத்திலேயே இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களும் “ஒரு ஏ40 எடுத்து வைக்கலாமோ?” என்று கேட்கிறார்கள். நானும் ஒரு சோமர்செற் வாங்கித் திருத்தி ஓடிக்கொண்டிருக்கிறேன். வாங்கிய நாளிலிருந்து என்னிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “ஒரிஜினலா வைக்கப் போறியளோ, என்ஜின் மாத்தப் போறியளோ?” அந்தக் கேள்விக்கு வருவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலாவது புத்தகம். காருக்குப் பின்னால் சுற்றிப் பார்க்கும் முன் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். எங்கள் பகுதியில் பல கார்கள் முதல் உரிமையாளரின் பெயரிலேயே கிடக்கின்றன. அவர் காலமாகியிருப்பார், பிள்ளைகள் மூன்று நாடுகளில் இருப்பார்கள். இடையில் நாலு கை மாறியிருக்கும், ஒருவரும் பெயர் மாற்றியிருக்கமாட்டார்கள். இடப்பெயர்வில் புத்தகமே தொலைந்த கார்களும் உண்டு. சட்டகத்தில் அடித்துள்ள சேசி இலக்கமும் என்ஜினில் உள்ள இலக்கமும் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். என்ஜின் மாற்றியிருந்தால் அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். நிறம் மாற்றியிருந்தாலும் அப்படித்தான். இலக்கங்கள் ஒத்துப்போகாத காரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் விட்டுவிடுவது நல்லது. கறளை வெட்டி எடுக்கலாம், இல்லாத காகிதத்தை எந்த ரிங்கராலும் ஒட்ட முடியாது.

இலக்கத் தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துத் தகடு 1957 இல் வந்ததும், அதற்கு எதிராக இங்கே போராட்டம் நடந்ததும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சோமர்செற்றுகள் அதற்கு முன் பதியப்பட்டவை. இரண்டு ஆங்கில எழுத்தும் நாலு இலக்கமும்தான் அவற்றின் தகடு. சிலர் பழைய தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பளபளக்கும் புதுத் தகடு போடுகிறார்கள். எனக்கு அது விளங்குவதில்லை.

இரண்டாவது, கறள். இங்கே டெவனுக்கும் சோமர்செற்றுக்கும் உள்ள பெரிய வாய்ப்பு, அவற்றுக்குத் தனியான சேசி இருப்பது. மொறிஸ் மைனருக்கும் பிந்திய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜுக்கும் அப்படி இல்லை. அவற்றில் உடலும் அடிச்சட்டகமும் ஒன்றே. மைனரின் கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகடும் குறுக்குச் சட்டமும் உக்கினால் காரே நடுவில் தொய்யும், கதவு பூட்டாது. சோமர்செற்றில் தரைத் தகடு முழுவதும் போயிருந்தாலும் சேசி நல்லதாக இருந்தால் கார் தப்பும். ஆகவே சின்னச் சுத்தியல் ஒன்றோடு காருக்குக் கீழே படுங்கள். பின் வில்லுத் தகடுகள் மாட்டியிருக்கும் இடம், உடலைத் தாங்கும் கைகள், முன் சில்லுகளின் ஸ்பிரிங் இருக்கும் இடம் ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் இரும்பு. ‘பொத்’ என்று கேட்டால் உள்ளே கறளும் பட்டியும்தான். மேலே பெயின்ற் எவ்வளவு மினுங்கினாலும் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி தடித்திருக்கிறது. கடற்கரையோரம் நின்ற காரும் சுன்னாகத்துச் செம்மண்ணில் நின்ற காரும் ஒன்றல்ல.

உதிரிப்பாகங்களையும் யோசித்துத்தான் மொடலைத் தெரிய வேண்டும். மொறிஸ் மைனருக்கு இங்கிலாந்தில் இன்றும் ஏறக்குறைய எல்லாம் புதிதாக வாங்கலாம். 1990களில் அந்தக் காருக்கான உடல் தகடுகள் இலங்கையில் கையால் அடிக்கப்பட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகின. மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் மூன்றாம் வரிசைக் கார் இந்தியாவில் அம்பாசிடராக 2014 வரை ஓடியதால் அதற்கும் பாகங்கள் தேடலாம். சோமர்செற்றுக்கு என்ஜின், பிறேக் சாமான்கள் வெளியிலிருந்து எடுப்பிக்கலாம். உடல் தகடு கிடைக்காது, அடிப்பிக்கத்தான் வேண்டும். நல்ல தகட்டு வேலைக்காரர் ஒருவரைத் தெரியாமல் இந்தக் காரில் கை வைக்காதீர்கள்.

இனி என்ஜின். யாழ்ப்பாணத்துப் பழைய என்ஜினுக்கு இங்கிலாந்துப் புத்தகங்களில் இல்லாத ஒரு வரலாறு உண்டு. 1990 இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு பெற்றோல் பொன்னாகிவிட்டது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் ஆவியாகாது. அதனால் சூப்பிப் போத்தலில் வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் விடுவார்கள். இந்த என்ஜின்களின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்றை அண்டியது. இன்றைய என்ஜின்களைவிட மிகக் குறைவு, அதனால்தான் தாங்கின. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலிருந்து ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். றிங்கும் பெயாறிங்கும் தேயும், வால்வுகளில் கரி கட்டும். அப்படி ஓடிய காரை வாங்கினால் என்ஜினைக் கழற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் டீசல் என்ஜினுக்குத் தாவுகிறார்கள். அதை நான் பழி சொல்லமாட்டேன். வாடகைக்கு ஓடியவருக்கு டீசல் மலிவு, ஜப்பான் என்ஜினுக்குச் சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும். 2022 இல் கியூஆர் அட்டைக்கு ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் தந்த நாட்களில், லீற்றருக்கு 10 கிலோமீற்றர் அளவில் ஓடும் காரை வைத்திருந்தவருக்கு அந்த ஆசை வராமல் இருந்தால்தான் புதுமை. ஆனால் என்ஜின் தனியாக வராது. டீசல் பாரம் கூடியது, முன் ஸ்பிரிங் பதியும். அதன் கியர்ப் பெட்டிக்குத் தடி தரையிலிருந்து வரும், ஆகவே தரையை வெட்ட வேண்டும். ஓட்டுத் தண்டை நீட்டவோ குறைக்கவோ வேண்டும். பின் அச்சின் பல் விகிதம் பழைய மெதுவான ஓட்டத்துக்கு அமைந்தது, அதையும் மாற்ற வேண்டும். வேகம் கூடினால் பழைய டிறம் பிறேக் போதாது. முடிவில் நீங்கள் ஓடுவது சோமர்செற்றின் கோதுக்குள் இருக்கும் ஒரு பழைய ஜப்பான் லொறி. தினமும் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓட வேண்டியவருக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் அவருக்கு உண்மையில் தேவை ஒரு சோமர்செற்தானா என்பதே என் சந்தேகம்.

மறுபக்கம், லோங்பிரிட்ஜிலிருந்து வெளியே வந்த நாளைப் போல ஆக்கித் தருகிறோம் என்பவர்கள். கண்காட்சிக் கார்களுக்கு அதுதான் அளவுகோல். நானும் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். காரைப் பிரிக்கத் தொடங்கியதும் யோசிக்க வேண்டியதாயிற்று.

எனக்கு விற்றவரின் தகப்பன் இந்தக் காரை வாடகைக்கு ஓடியவர். டிக்கியின் ஓரத்தில் தகரத்தில் மடித்துச் செய்த இரண்டாவது தாங்கி ஒன்று இருந்தது. அதிலிருந்து செப்புக் குழாய் ஒன்று முன்னுக்கு வந்து, சாரதியின் காலடியில் ஒரு பித்தளைத் திருகில் முடிந்தது. பெற்றோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதற்கு. பின் கதவின் அடியில் செல் துண்டு துளைத்த ஓட்டைக்கு உள்பக்கம் பால்மாத் தகரம் வைத்து ஒட்டியிருந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது இந்தக் காருக்குள் பதினொரு பேர் இருந்தார்கள் என்றும், நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது என்றும், என்ஜினை நிற்பாட்டித் தள்ளிக்கொண்டே போனோம் என்றும் விற்றவர் சொன்னார். அப்போது அவருக்கு ஒன்பது வயது.

தகட்டு வேலை செய்த மூத்தவர் அந்தக் கதவைப் பார்த்துவிட்டு, “தம்பி, இதை வெட்டி எறிஞ்சுபோட்டுப் புதுத்தகடு வைப்பம், ஒருத்தருக்கும் தெரியாது” என்றார்.

“ஐயா, தெரியட்டும் எண்டுதான் யோசிக்கிறன்” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப உள்பக்கத்தைக் கறள் பிடியாமல் பூசி விடுறன்” என்று வேலையைத் தொடங்கினார்.

ஒரிஜினல் என்பது எந்த ஆண்டின் ஒரிஜினல்? 1953 இல் தொழிற்சாலையிலிருந்து வந்த இந்த வடிவக் கார்கள் இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கில் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. மண்ணெண்ணெய்த் தாங்கியும் பித்தளைத் திருகும் உள்ள சோமர்செற் அங்கே கிடையாது. அதைக் கழற்றிவிட்டு ‘ஒரிஜினல்’ ஆக்கினால், எங்களிடம் மட்டும் இருக்கும் ஒன்றை அழித்து எல்லோரிடமும் இருக்கும் ஒன்றைச் செய்கிறோம். அதே நேரம் ஆசைக்காகச் செய்யும் மாற்றத்தையும் தேவைக்காகச் செய்த மாற்றத்தையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. யாரோ பின்னாளில் பூட்டிய பிளாஸ்ரிக் கண்ணாடி மறைப்பையும் அகலச் சில்லுகளையும் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே எனக்கு நானே ஒரு வரையறை போட்டுக்கொண்டேன். உயிரோடு சம்பந்தப்பட்டதைப் புதிதாக்குவது, எதையும் வெட்டாமல் துளைக்காமல் பூட்டுவது, பிறகு வருபவர் விரும்பினால் கழற்றக்கூடியதாக விடுவது.

பிறேக்கில் சமரசமே இல்லை. இந்தக் கார்களில் பிறேக் ஒயிலுக்கு ஒரே சுற்றுத்தான். எங்காவது ஒரு இடத்தில் கசிந்தால் நாலு சில்லிலும் பிறேக் இராது. மாஸ்ரர் சிலிண்டர், சில்லுச் சிலிண்டர்கள், றப்பர்கள், குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். டிஸ்க் பிறேக் பூட்டச் சொன்னவர்கள் உண்டு. முன் அச்சு முனைகளையே மாற்ற வேண்டி வரும், நான் 60 கிலோமீற்றருக்கு மேல் ஓடுவதும் இல்லை.

மின்சாரத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. இந்தக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வாகனங்களுக்கு நேர்மாறு. தெரியாமல் புதிய றேடியோவையோ போன் சார்ஜரையோ இணைத்தால் புகைதான் வரும். துணி சுற்றிய பழைய வயர்கள் உக்கி உதிர்ந்ததால் முழு வயறிங்கையும் மாற்றி, ஒவ்வொரு வழிக்கும் பியூஸ் வைத்தேன். திரும்புவதைக் காட்ட இந்தக் காரின் நடுத்தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். அழகானது, ஆனால் பின்னால் வரும் முச்சக்கரவண்டிக்காரருக்கு அது என்னவென்று தெரியாது. கையை வேலை செய்ய விட்டு, பம்பரில் இருந்த துளைகளிலேயே சின்ன மஞ்சள் லாம்புகளையும் பூட்டினேன்.

என்ஜினைக் கழற்றித் தேய்ந்த சிலிண்டர்களுக்குப் புதிய ஸ்லீவ் இறக்கினோம். ஈயம் சேர்த்த பெற்றோலுக்காகச் செய்த வார்ப்பு இரும்புத் தலை இது. அந்தப் பெற்றோல் இலங்கையில் 2002 இல் நின்றுவிட்டது. தலை எப்படியும் கடைச்சலுக்குப் போவதால் புகை வால்வுகளுக்குக் கடினமான இருக்கைகளை அழுத்தி வைப்பிக்கச் சொன்னேன். தலையைக் கழற்றாத வரையில் அதைச் செய்யத் தேவையில்லை. கழற்றினால் செய்யாமல் மூடாதீர்கள். இந்த வேலைகளுக்கு எல்லாமாக, காருக்குக் கொடுத்ததைப் போல ஒன்றரை மடங்கு போனது. அரைவாசி தகட்டு வேலைக்கே.

மண்ணெண்ணெய்த் தாங்கி அதே இடத்தில் இருக்கிறது, காலியாக. குழாயைக் காபரேற்றருக்குக் கிட்டக் கழற்றி அடைத்திருக்கிறேன். கழற்றிய பழைய சாமான்களை எதற்குரியது என்று எழுதிக் கட்டி ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். என்ன மாற்றினேன் என்ற பட்டியல் பதிவுப் புத்தகத்தோடு இருக்கிறது. விற்கும்போது பெட்டியும் காரோடு போகும். பின் இடது கதவின் கைபிடி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. இப்போதைக்கு ஒரு கேம்பிறிட்ஜ் காரின் கைபிடியைப் பொருத்தி ஓடுகிறேன். யாரிடமாவது கொட்டிலில் சோமர்செற் கதவு ஒன்று கிடந்தால் தகட்டு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.