கையில் அடங்கிய இசை

மனிதன் இசையைத் தேடிச் செல்வதும், இசை மனிதனைத் தேடி வருவதும் பழைய வழக்கங்களே. கிழக்கிலங்கைக் கரையோரம் இவ்விரண்டிற்கும் நல்ல சான்றாகும். வைகாசித் திங்களிலே தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயிலில் குளிர்த்தி விழா நிகழும். வழக்குரை கேட்க விரும்புவோர் அக்கோயில் முன்றிலை நாடிச் செல்வர். அதற்கு வடக்கேயுள்ள அக்கரைப்பற்று, கல்முனை முதலிய முஸ்லிம் ஊர்களிலோ, நோன்பு காலத்துப் பின்னிரவில் பக்கீர்பாவாக்கள் றபான் கொட்டிப் பாடியவண்ணம் வீதிவழியே வந்து, உறங்குவோரைச் சஹர் உணவுக்கு எழுப்புதல் வழக்கமாயிருந்தது. முன்னதிலே கேட்போர் நடந்தனர். பின்னதிலே பாடுவோர் நடந்தனர். இரண்டிலும் ஊரவர் ஒரே பாட்டை ஒரே வேளையிற் கேட்டனர். தான் விரும்பிய பாட்டை விரும்பிய வேளையிலே தன்னுடன் எடுத்துச் செல்லும் வழி எவருக்கும் இருந்ததில்லை.

அவ்வழியைத் திறந்தவை கருவிகளே. 1914ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே வெளிவந்த டெக்கா என்னும் கிராமபோன் பெட்டியை முதல் உலகப் போரின் வீரர்கள் பதுங்குகுழிகளுக்குள்ளும் கொண்டு சென்றனர். எனினும் அது கனத்த பெட்டி. இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடங்களே பாடும். பின்னர் வந்த வால்வு வானொலியும் எளிதிற் சுமக்கத்தக்கதன்று. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே பார்டீன், பிராட்டன் என்போர் திரான்சிஸ்டரைக் கண்டறிந்தனர். 1956இல் அவ்விருவரும் ஷாக்லியும் நோபெல் பரிசினைப் பகிர்ந்துகொண்டனர். 1954இல் ரீஜென்சி என்னும் சட்டைப்பை வானொலி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டில் ஜப்பானும் தனது திரான்சிஸ்டர் வானொலியை வெளியிட்டது. சிறிய மின்கலங்களே போதுமாதலால், மின்கம்பி எட்டாத குடிசைக்கும் வயலுக்கும் தோணிக்கும் இசை சென்றது.

ஆயினும் கருவி மட்டும் இருந்தாற் போதாது. கேட்போர் விரும்பும் பாட்டை அனுப்புவாரும் வேண்டுமன்றோ? 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரையிசையைத் தரங்குறைந்ததெனக் கருதினார். அகில இந்திய வானொலியில் அதன் இடம் சுருங்கிற்று. இந்திய நேயர்களோ இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். நேசப் படைகளுக்கென இங்கு நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலைக் கருவி, அப்பாடல்களைக் கடல் கடந்து கொண்டு சென்றது. மயில்வாகனனின் குரல் தமிழ்நாட்டு இல்லங்களிலும் பழகிய குரலாயிற்று. ஈற்றில், 1957 அக்டோபர் 3ஆம் நாள் இந்தியா ‘விவித் பாரதி’யைத் தொடங்கிற்று. ஆணையால் அடக்க முடியாததைக் கேட்போரின் விரல் வானொலித் திருகைத் திருப்பியே வென்றது. 1960களில் திரான்சிஸ்டர் பரவியபோது அவ்வுரிமை சட்டைப்பைக்குள்ளும் வந்து சேர்ந்தது.

அதன்பின் 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாப் பேழையை அறிமுகஞ் செய்தது. 1979 ஜூலையில் சோனி நிறுவனம் ‘வாக்மேன்’ என்னும் கருவியை வெளியிட்டது. அதன் முதல் வடிவத்திலே ஒன்று கவனிக்கத்தக்கது. காதிற் பொருத்தும் ஒலிகருவிகளை மாட்டுவதற்கு அதில் இரண்டு துளைகள் இருந்தன. ஒருவர் தனித்துக் கேட்பது அருகிலிருப்போரை மதியாத செயலாகுமென அந்நிறுவனத்தின் அக்கியோ மொரித்தா எண்ணியமையே அதற்குக் காரணம். கேட்கும் இருவரும் உரையாட விரும்பின், இசையைத் தாழ்த்தும் பொத்தானும் அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் மக்கள் அதனைத் தனித்தே கேட்கலாயினர். பின்வந்த வடிவங்களில் இரண்டாம் துளை மறைந்தது. நகரப் பேருந்திலும் புகைவண்டியிலும் நெருங்கியிருந்தோர் வெவ்வேறு பாட்டுலகங்களில் உலவினர். 2001இல் வந்த ஐபாட் 1,000 பாடல்களைச் சட்டைப்பைக்குள் அடக்கிற்று. இன்று கைபேசிக்கு அவ்வெல்லையும் இல்லை.

இவ்வரலாற்றில் ஈட்டமும் உண்டு, இழப்பும் உண்டு. எதனைக் கேட்பது என்னும் உரிமை அரசிடமிருந்தும் செல்வரிடமிருந்தும் எளிய மனிதனின் கைக்கு வந்தது பெரும்பேறு. யாருடன் கேட்பது என்னும் வினாவோ மெல்ல மறைந்தது. கண்ணகி வழக்குரையை இன்று கைபேசியிற் பதிந்து, கொழும்பு நகரப் பேருந்திலும் கேட்கலாம். ஆனால் முன்றிலிலே கூடியிருந்து கேட்ட அவ்விரவினை அப்பதிவு கொண்டுவராது. இசையைக் கையிற் பெற்றவர், அருகிலிருப்பவருக்குரிய இரண்டாம் துளையை அடைத்துவிடாதிருத்தல் வேண்டும்.