சாலை முடியும் இரண்டு ஊர்கள்

நெடும்பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதல் நாளுக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசியைக்கூடக் கடைசி நாட்களுக்குக் காட்டுவதில்லை. எத்தனை மணிக்குக் கிளம்புவது, முதல் இரவு எந்த ஊரில், வழியில் எங்கே பெட்ரோல் போடுவது என்று எல்லாம் தாளில் ஏறிவிடும். முடிவுக்கு மட்டும் ‘ரெண்டு மூணு நாள் ஊர் சுத்திட்டு பிளைட் ஏறிடலாம்’ என்று ஒரே வரி. பயணம் எப்படி இருந்தது என்று பிற்பாடு யாராவது கேட்டால், பாதிப் பதில் அந்த ஒரு வரியிலிருந்துதான் வரும்.

அமெரிக்காவைக் கிழக்கிலிருந்து மேற்காகக் காரில் கடப்பவர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்கப் போன இடத்தில் கிராண்ட் கேன்யன், லாஸ் வேகஸ், டெத் வேலி என்று ஒரு சுற்று வரும் நம்மூர்க் குடும்பங்களுக்கும், அந்தக் கடைசி ஊர் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: சான் பிரான்சிஸ்கோ, இல்லையென்றால் லாஸ் ஏஞ்சல்ஸ். எது அழகான ஊர் என்று கேட்டால் விடிய விடியச் சண்டை போடலாம். எந்த ஊர் பயணத்தை நன்றாக முடித்து வைக்கிறது என்று மட்டும் இங்கே பார்ப்போம்.

இரண்டும் இரண்டு பழைய சாலைகளின் மேற்கு முனைகள். லிங்கன் நெடுஞ்சாலை 1913-இல் அறிவிக்கப்பட்டது. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் புறப்பட்டு சான் பிரான்சிஸ்கோவின் லிங்கன் பூங்காவில் முடியும். அன்றைய கணக்கில் 3,389 மைல், ஏறத்தாழ 5,450 கிலோமீட்டர். கார் முகப்பு விளக்குக்கு எரிவாயு விற்றுப் பணக்காரரான கார்ல் பிஷரின் யோசனை அது. பக்கபலமாக நின்றவர்களும் கார், டயர் முதலாளிகளே. 66-ஆம் எண் சாலை 1926-இல் அரசு எண்களோடு வந்தது. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ், 3,900 கிலோமீட்டர் சொச்சம். முன்னது உல்லாசமாகக் கார் ஓட்ட ஆசைப்பட்டவர்களின் சாலை. பின்னது பிழைக்க வழியில்லாதவர்களின் சாலையாக மாறியது. 1930-களில் புழுதிப் புயலும் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து விரட்ட, ஓக்லஹோமா பக்கத்து விவசாயிகள் பாத்திரம் பண்டம், மெத்தை, கிழவி, குழந்தை எல்லாவற்றையும் ஓட்டை லாரிகளில் ஏற்றிக்கொண்டு அதில்தான் கலிபோர்னியா வந்தார்கள். எழுத்தாளர் ஸ்டெய்ன்பெக் 1939-இல் தன் நாவலில் அதற்குத் ‘தாய்ச்சாலை’ என்று பெயர் வைத்தார். இன்றுவரை அந்தப் பெயர்தான் நிற்கிறது.

ஊர்கள் வருகிறவர்களை எதிர்கொண்ட விதமும் வேறு. 1919 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 81 வண்டிகளை வாஷிங்டனிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு அனுப்பிப் பார்த்தது. சாலை என்ற பெயரில் பாதி தூரம் சேறும் மணலும்தான். சராசரி வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. 62 நாள் கழித்து, செப்டம்பர் 6 அன்று, அந்த அணி சான் பிரான்சிஸ்கோவின் லிங்கன் பூங்காவை அடைந்தபோது ஊர்வலம், பேச்சு, பதக்கம் என்று விழாவே நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் மரியாதை வேறு மாதிரி. 1936-இல் அந்நகரக் காவல்துறைத் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ், தன் அதிகாரம் செல்லாத மாநில எல்லைகளுக்கே 136 போலீஸ்காரர்களை அனுப்பி, கையில் காசில்லாமல் வந்தவர்களைத் திருப்பி விரட்டினார். அவ்வளவு தூரம் ஓட்டி வந்தவனுக்கு ஊரைக் கண்ணில் காட்டாமலே ‘திரும்பிப் போ’ என்றது ஒரு நகரம். இன்றைய சுற்றுலாப் பயணிக்கு இதனால் ஒரு பாதகமும் இல்லைதான். ஆனாலும் 66-இன் கடைசி மைல்களில் நினைவுச்சின்னமும் டி-ஷர்ட்டும் விற்கிற கடைகளைப் பார்க்கையில் இந்தக் கதையும் தெரிந்திருப்பது நல்லது.

1919 அணியில் ஓர் இளம் அதிகாரி இருந்தார். பெயர் ட்வைட் ஐசனோவர். நாட்டின் சாலைகள் எவ்வளவு மோசம் என்பதை உட்கார்ந்த இடம் வலிக்க வலிக்கத் தெரிந்துகொண்டவர். குடியரசுத் தலைவரான பின் 1956-இல் மாநிலங்களை இணைக்கும் அதிவேகச் சாலைகளுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சாலைகள் ஒவ்வொன்றாக 66-ஐ ஓரங்கட்டின. 1984-இல் அரிசோனாவின் வில்லியம்ஸ் ஊரும் புறவழியால் தாண்டப்பட்டது. மறு ஆண்டு 66 என்ற எண்ணே பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் முடிந்த ஒரு பயணத்தின் நெடுநாள் விளைவாக லாஸ் ஏஞ்சல்ஸ் சாலை மறைந்தது என்று சொன்னால் அதில் பெரிய மிகை இல்லை.

இனி, சாலை சரியாக எங்கே முடிகிறது? லாஸ் ஏஞ்சல்ஸில் இந்தக் கேள்விக்கு நான்கு பதில் உண்டு. 1926-இல் அது நகர மையத்தில், ஏழாம் தெருவும் பிராட்வேயும் சந்திக்கும் முனையில் முடிந்தது. 1936-இல் சாண்டா மோனிகா வரை நீட்டி, லிங்கன் பொலிவார்டும் ஒலிம்பிக் பொலிவார்டும் சந்திக்கும் இடத்தில் நிறுத்தினார்கள். பார்க்க அங்கே ஒன்றுமில்லாத சாதாரண நாற்சந்தி. 1952-இல் கடலோரப் பூங்காவில் நடிகர் வில் ரோஜர்ஸ் பெயரில் ஒரு பலகை பதித்தார்கள். கடைசியாக 2009-இல், 1909-லிருந்தே நிற்கிற சாண்டா மோனிகா கடல்பாலத்தின் மேல் ‘பாதை முடிந்தது’ என்று ஒரு தட்டியை நட்டார்கள். எல்லாரும் படம் எடுத்துக்கொள்வது இந்தத் தட்டிக்குப் பக்கத்தில்தான். சாலை செத்து இருபத்து நான்கு வருடம் கழித்து, அது ஒருநாளும் தொடாத இடத்தில் வைத்த தட்டி! குறை சொல்ல மனம் வரவில்லை. எதிரே பசிபிக் இருக்கிறது, மேற்கே போக இனி தரையில்லை, மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டியவனுக்கு வேறென்ன வேண்டும்?

சான் பிரான்சிஸ்கோவில் ஒரே முனைதான். லிங்கன் பூங்காவில் லீஜியன் ஆஃப் ஹானர் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, ஒரு சின்னத் தூண். கூட்டம் கிடையாது. அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பலர் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள். சற்றுக் கீழே இறங்கினால் கடலோர மலைப்பாதை, தூரத்தில் கோல்டன் கேட் பாலம்.

ஊருக்குள் நுழைவதிலும் இதே வித்தியாசம். லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பாலைவனப் பக்கமிருந்து வந்தால், கஹோன் கணவாயை இறங்கி சான் பெர்னார்டினோவில் வீடுகள் தொடங்கும். அங்கிருந்து சாண்டா மோனிகா கடல் இன்னும் 120 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ஊர் விட்டு ஊர் மாறுவதே தெரியாது. கடை, கிடங்கு, வெளியேறும் வழி, மறுபடி கடை. வந்து சேர்ந்துவிட்டோமா இல்லையா என்று கேட்டுக்கொண்டே இரண்டு மணி நேரம் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருப்போம். சான் பிரான்சிஸ்கோவுக்கு மூன்று பக்கமும் தண்ணீர் என்பதால் இந்தக் குழப்பம் இல்லை. ஓக்லண்டிலிருந்து வரும் பே பாலத்தின் மேற்குப் பாதியில் நகருக்குள் போகும் வண்டிகளுக்கு மேல்தளம், வெளியேறும் வண்டிகளுக்குக் கீழ்த்தளம். யெர்பா புவெனா தீவின் சுரங்கப்பாதையைத் தாண்டியதும் மொத்த நகரமும் ஒரே வீச்சில் கண்முன் நிற்கும். பாலம் 1936-இல் தான் திறந்தது. அதற்கு முன் வந்தவர்கள் ஓக்லண்டில் காரைப் படகில் ஏற்றி வளைகுடாவைக் கடந்தார்கள். 1909-இல் அலிஸ் ராம்சே என்ற 22 வயதுப் பெண், கார் ஓட்டத் தெரியாத மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து 59 நாள் ஓட்டி வந்து முடித்ததும் அப்படித்தான். அமெரிக்காவைக் குறுக்காகக் காரோட்டிக் கடந்த முதல் பெண் அவர்.

ஒரு வேடிக்கை: பே பாலம், கோல்டன் கேட் இரண்டிலும் நகருக்குள் வருகிற திசைக்குத்தான் சுங்கம். வெளியேறக் காசில்லை. ரொக்கம் வாங்குவதில்லை, எண்பலகையைப் படம் பிடித்து பில் அனுப்புவார்கள். வாடகைக் கார் என்றால் கம்பெனி தன் பங்குக்கு ஒரு சேவைக் கட்டணமும் சேர்த்துப் பிறகு வசூலிக்கும். ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து வருகிற அந்த மின்னஞ்சலுக்குத் தயாராக இருங்கள்.

என் வரையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது காரை என்ன செய்வது என்பதுதான். வாரக்கணக்கில் கார்தான் வீடு. பின் இருக்கையில் புளியோதரைப் பொடி, எலக்ட்ரிக் குக்கர், பாதி காய்ந்த துண்டு. டிக்கியில் ஐஸ் பெட்டி, அழுக்குத்துணி மூட்டை. மிதியடியில் நாலு மாநிலத்து மண். இந்த வீட்டைக் காலி செய்தால்தான் பயணம் முடிந்ததாக உடம்பு ஒப்புக்கொள்ளும். சான் பிரான்சிஸ்கோ அதைச் செய்யச் சொல்லிக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. நகரத்தின் நிலப்பரப்பு 120 சதுர கிலோமீட்டர்தான், குறுக்கே ஏழு மைல், நெடுக்கே ஏழு மைல். ஃபில்பர்ட் தெருவின் ஒரு துண்டு 31.5 சதவீதச் சரிவு. சரிவில் நிறுத்தும்போது, வண்டி உருண்டால் நடைபாதை விளிம்பில் முட்டி நிற்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைக்க வேண்டும், மறந்தால் அபராதம். தெரு கூட்டும் நேரத்தில் நின்றால் இன்னோர் அபராதம். கண்ணாடியை உடைத்துப் பையை எடுத்துப் போகும் திருட்டுக்கு இந்நகரம் பெயர் வாங்கியது. பல தெருக்களில் நடைபாதையோரம் மினுக்கும் சில்லுகளே சாட்சி. டிக்கி நிறையச் சாமானோடு வரும் வெளியூர்க் கார்தான் திருடர்களுக்கு முதல் இலக்கு.

அதனால் காரை வைத்துக்கொள்வது முட்டாள்தனம், ஒப்படைப்பது சுலபம். விமான நிலையத்திலேயே வண்டியை விட்டுவிட்டு பார்ட் ரயிலில் ஏறினால் அரை மணியில் நகர மையம். 1873-இல் தொடங்கிய கேபிள் காரின் மூன்று தடங்கள் இன்றும் ஓடுகின்றன. பேருந்து, டிராம், படகு எல்லாம் உண்டு. ஏற்றத்தில் நடக்கும்போது, இத்தனை நாள் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் மட்டுமே அழுத்திய கால்கள் முனகும்; இரண்டாம் நாள் சரியாகிவிடும். மூட்டுவலிக்காரர்களுக்கு இந்த ஊர் கொடுமை என்பதையும் மறைக்கக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் டெத் வேலியிலிருந்து நேரே வருகிறவர்களைக் கடல்மூடுபனி நடுங்க வைக்கும். துறைமுகப் பக்கம் ஸ்வெட்டர் வியாபாரம் கோடையில் கொழிப்பதன் ரகசியம் அதுதான்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகர எல்லை சான் பிரான்சிஸ்கோவைப் போலப் பத்து மடங்கு. கிரிஃபித் வானாய்வகத்துக்கு ஒரு நாள், கெட்டி மையத்துக்கு ஒரு நாள், மாலிபு கடற்கரைக்கு ஒரு நாள் என்று வைத்தால், மூன்று நாளும் காருக்குள்தான். கெட்டியில் நுழைவு இலவசம், கார் நிறுத்தத்தான் காசு. பயணம் முடிந்தது என்று பெயரே தவிர, ஓட்டுநருக்கு விடுதலை இல்லை. பாலைவனத்தில் ஆளில்லாச் சாலையில் ஓட்டிய கைக்கு, 405-ஆம் சாலையின் மாலை நெரிசல் தண்டனை. கடைசி நாள் காலையிலும் விமானத்தைப் பிடிக்க முடியுமா என்று வரைபடத்தின் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆனால் இந்த ஊரையும் காரில்லாமல் முடிக்க ஒரு வழி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. 2016-இல் மெட்ரோ ரயில் சாண்டா மோனிகா வரை வந்தது. இன்று ஈ தடம் என்ற பெயரில் ஓடும் அந்த ரயில், நகர மையத்தின் ஏழாம் தெரு நிலையத்தையும் சாண்டா மோனிகாவையும் இணைக்கிறது. அதாவது 66-இன் 1926 முனையிலிருந்து சில தெரு தள்ளி ஏறி, இன்றைய முனைக்கு நடந்து போகும் தூரத்தில் இறங்கலாம். அந்தப் பழைய முனை இருக்கும் பிராட்வேயும் நடக்கத் தகுந்த தெரு: 1893-இல் கட்டிய பிராட்பரி கட்டடம், 1917-இலிருந்து நடக்கும் கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட், குன்றேறும் குட்டி ரயிலான ஏஞ்சல்ஸ் ஃப்ளைட் எல்லாம் கூப்பிடு தூரத்தில். சாண்டா மோனிகாவில் அறை எடுத்து, காரை அன்றே கொடுத்துவிட்டு, கடலையும் இந்த ரயிலையும் மட்டும் வைத்துக்கொண்டால் லாஸ் ஏஞ்சல்ஸ் நல்ல முடிவுதான். ஹாலிவுட்டையும் டிஸ்னிலேண்டையும் சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும்.

நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. பழைய லிங்கன் நெடுஞ்சாலை அல்டமான்ட் கணவாயைத் தாண்டி லிவர்மோர் ஊர் வழியாகத்தான் ஓக்லண்டுக்குப் போனது. அதே லிவர்மோரில்தான் சிவ-விஷ்ணு கோவில் இருக்கிறது. மண் படிந்த வண்டியை அங்கே நிறுத்திக் கும்பிட்டுவிட்டு மேற்கே போகும் தமிழ்க் குடும்பங்கள், தெரியாமலே பழைய வழியில்தான் போகின்றன. தெற்கே மாலிபு கோவில் என்று சொல்லப்படும் கலபாசஸ் வெங்கடேஸ்வரர் இருக்கிறார். ஆனால் அவரைப் பார்க்கவும் கார் வேண்டும்.

என் தீர்ப்பு சான் பிரான்சிஸ்கோவுக்கே. லாஸ் ஏஞ்சல்ஸ் பார்க்க வேண்டிய ஊர். பயணத்தின் நடுவில், ஓட்டத் தெம்பு இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். பிறகு கடலோர 1-ஆம் சாலையில் வடக்கே போகலாம். பிக் சர் பகுதியில் மண் சரிந்து வழி அடைபடுவது வாடிக்கை என்பதால், கிளம்பும் காலையில் சாலை திறந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அடைத்திருந்தால் 101-ஆம் சாலை இருக்கிறது.